சாட்சிக்கு வந்த செக் லைட்

எரிந்துகொண்டுதான் இருந்தது. காமநாயக்கன்பாளையத்தைத் தாண்டி மெயின் ரோட்டில் ஏறும்போதும், ஸ்பீடு பிரேக்கரில் வண்டி குலுங்கும்போதும் மயிலாத்தா ஸ்டியரிங்குக்குப் பின்னால் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டாள். குட்டி எஞ்சின் படம் போட்ட அந்த மஞ்சள் விளக்கு அணையவில்லை. எப்போதடா தொலையும் என்று இரண்டு மாதமாக அவள் வைது தீர்த்த விளக்கு, இன்றைக்கு ஒருநாள் மட்டும் அணைந்துவிடக் கூடாது. பதினோரு மணிக்குப் பல்லடம் பிக்கப் ஸ்டேண்டில் பேச்சு. முப்பத்திரண்டு வண்டிக்காரர்களும் இருப்பார்கள், செயலாளர் ஆறுச்சாமி நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார், மெக்கானிக் நாச்சிமுத்து ஓரமாக நிற்பான். அவள் வாங்கிக் கொடுத்த புது சென்சாரை எடுத்துக்கொண்டு ஏதோ பழசை வண்டியில் மாட்டிவிட்டான் என்று அவள் சொன்னது உண்மையென்று ஆகிவிட்டால், அதற்கப்புறம் ஸ்டேண்டு வண்டி ஒன்றுகூட அவன் பட்டறை வாசலில் நிற்காது. ஆறுச்சாமியே சொல்லிவிட்டார். நாச்சிமுத்துவுக்கு வேறு பிழைப்புத் தெரியாது. அது அவன் பாடு, தெரிந்துதானே கை வைத்தான், மயிலாத்தா வண்டி என்று தெரிந்துதானே வைத்தான். எட்டு நாளாக விளக்கை அப்படியே விட்டுவைத்திருக்கிறாள், யாரையும் தொட விடவில்லை, தானும் தொடவில்லை. சாட்சியை யாராவது துடைத்து வைப்பார்களா. எரி, எரி, இன்னும் முக்கால் மணி நேரம் எரி, அப்புறம் உன்னை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அதனிடமே சொன்னாள்.

சொல்லிவிட்டு நிமிர்ந்தால் முன்னால் ரோடே இல்லை. காற்றாலை இறக்கையை ஏற்றிக்கொண்டு ஒரு டிரைலர், இந்தக் கடைசி எங்கே அந்தக் கடைசி எங்கே என்று தெரியாத நீளத்துக்கு, நடக்கிற மனுசன் வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. பின்னால் சிவப்புக் கொடியோடு ஒருவன் பைக்கில் உட்கார்ந்து, யாரும் முந்தாதீர்கள் என்று கையைக் காட்டிக்கொண்டே இருந்தான். பத்தே கால். போய்விடலாம். அவள் எப்போது நேரம் தவறியிருக்கிறாள். பதினோரு வருஷம், இதே வண்டி, ஒருநாள் கோழித் தீவனம் லேட்டாகப் போய் ஒரு பண்ணையில் ஒரு கோழி பட்டினி கிடந்ததாகச் சரித்திரம் கிடையாது. ஸ்டேண்டில் முதன்முதலில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியபோது எப்படிச் சிரித்தார்கள், பொம்பளை ஓட்டுற வண்டியில ஆர் லோடு ஏத்துவா என்று கேட்டவனே, ரைஸ்மில் சந்துக்குள் அவள் ஒரே மூச்சில் ரிவர்ஸ் எடுத்ததைப் பார்த்துவிட்டு பீடியைக் கீழே போட்டான். அதிலிருந்து மயிலாத்தா சொன்னால் சரியாக இருக்கும் என்று ஆயிற்று. டயர் வாங்குவதென்றாலும் அவளைக் கேட்பார்கள், எந்த பெட்ரோல் பங்கில் டீசல் சுத்தம் என்றாலும் அவளைக் கேட்பார்கள். அவள் வண்டி எஞ்சினை வெள்ளைத் துணி வைத்துத் துடைத்தால் துணி வெள்ளையாகவே திரும்பி வரும், அதை அவளே நான்கு பேர் இருக்கும்போது துடைத்தும் காட்டுவாள். அப்படிப்பட்ட வண்டியில் ஒரு மஞ்சள் விளக்கு. வீட்டுக்காரர் சென்னியப்பனுக்கு அது ஒன்றுமே இல்லை. தறிச் சத்தத்தில் பாதிக் காது போன மனுசன், கண்ணையும் அதோடு சேர்த்து விட்டுவிட்டார். "அதென்ன உன்னையக் கடிக்குதா? ஒரு ஸ்டிக்கர் பொட்டை எடுத்து அது மேல ஒட்டிப்போடு, தெரியாது" என்றார். ஒட்டுவாளா. உடம்பில் காய்ச்சல் இருக்கும்போது தெர்மாமீட்டரை ஒளித்துவைக்கிற வேலை. இரண்டு மாதம் அதோடு மல்லுக்கட்டினாள். முதலில் டீசல் என்று நினைத்து பங்கை மாற்றினாள். அப்புறம் தீவனத் தூசி என்று நினைத்து, ஏர் ஃபில்டரைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பார்த்தாள், குழந்தைத் துணி மாதிரி சுத்தமாக இருந்தது. வாட்டர் சர்வீஸில் தண்ணீர் உள்ளே போயிருக்குமோ என்று நினைத்து சர்வீஸையே நிறுத்திவிட்டு, வாளியும் துணியுமாகத் தானே கழுவினாள். கோடங்கிபாளையம் வளைவில் கல் லாரி எதிரில் வந்த அன்றைக்கு அழுத்தின பிரேக்கில் ஏதாவது ஒயர் கழன்றிருக்குமோ என்றுகூட, ஏனென்றால் அந்த வாரத்துக்கு அப்புறம்தான், ஆமாம் அதற்கப்புறம்தான் இந்த விளக்கு முதன்முதலாக. அந்த லாரியை நினைத்தால் இப்போதும் கால் தானாக பிரேக்குக்குப் போகிறது. போகட்டும், யாரும் பார்க்கவில்லை.

நாச்சிமுத்து ஸ்கேனரை மாட்டிப் பார்த்துவிட்டு, "காத்து அளக்குற சென்சாருங்க்கா, எஞ்சினுக்குள்ள எவ்வளவு காத்துப் போகுதுன்னு அதுக்குச் சரியாத் தெரியலை" என்றான். ஸ்பிரே அடித்துச் சுத்தம் பண்ணினான், அணைந்தது. இரண்டு வாரம். ஒரு சனிக்கிழமை காலையில் மறுபடி வந்தது. மறுபடி ஸ்பிரே, மறுபடி பத்துப் பதினைந்து நாள், மறுபடி ஒரு சனிக்கிழமை. "சென்சாரே வயசாயிருச்சாட்டம் இருக்குதுங்க்கா, புதுசு போட்டுரலாம்" என்றான். சரியென்று கோயமுத்தூருக்கே போய், கடைக்காரனை மூன்று பெட்டி பிரிக்க வைத்து, பளபளவென்று வெள்ளி மாதிரி இருந்ததைப் பார்த்து வாங்கிக்கொண்டு வந்து அவன் கையில் கொடுத்தாள். மூன்று வாரம் கழித்து, சனிக்கிழமை, எரிந்தது. சனிக்கிழமைக்கும் இதற்கும் என்ன. சனிக்கிழமை எந்த லோடும் புதுசாக இல்லை, அதே மில், அதே பண்ணை. அன்றைக்குத் தானே ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் கழற்றிப் பார்த்தாள். பழுப்பு. மூன்றே வாரத்தில் ஒரு புதுச் சாமான் பழுப்பாகுமா. பளபளப்பு போய், அழுக்கும் இல்லாமல் எண்ணெயும் இல்லாமல், டீ டம்ளர் அடியில் காய்ந்த கறை மாதிரி ஒரு பழுப்பு. வேறு என்ன வேண்டும். நேராக ஸ்டேண்டுக்குப் போய், ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருந்த நாச்சிமுத்துவை எழுப்பி நிற்க வைத்து, எல்லோர் எதிரிலும் சொன்னாள். அவன் எழுந்து கையைத் துடைத்தான். "அக்கா, நீங்க குடுத்த பொட்டியப் பிரிச்சு உங்க கண்ணு முன்னாலதானுங்களே மாட்டுனேன்" என்றான். மாட்டினான்தான், ஆனால் நடுவில் போன் வந்து கால் மணி நேரம் அந்தப் பக்கம் போனாளே, அப்போது? "நான் மாத்தலீங்க்கா" என்று சொல்லிவிட்டு மறுபடி கையைத் துடைத்தான். துடைத்த கையையே மறுபடி துடைத்தான். திருடனுக்குத்தான் கை அப்படி ஓயாமல் போகும் என்று அப்போது நினைத்தாள். இப்போது, இந்த டிரைலருக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டு நினைத்தால், பழுப்புதான் திரும்பத் திரும்பக் கண்ணில் வருகிறது, அவன் கை வரவில்லை. இந்தப் பழுப்பை வேறு எங்கோ பார்த்திருக்கிறாள். விரல் வைத்தால் லேசாக ஒட்டுகிற பழுப்பு. எங்கே. தினமும் பார்க்கிற இடத்தில்தான், அதனால்தான் ஞாபகம் வரவில்லை.

டிரைலர் சக்கரம் கிளப்பிய புழுதி முகத்தில் அடித்தது. கண்ணாடியை ஏற்றினாள், உள்ளே வெந்தது, ஃபேனைத் தட்டிவிட்டாள். காற்று வந்தது. காற்றோடு வெள்ளிக்கிழமை வந்தது. சாம்பிராணி. நேற்றுச் சாயங்காலத்துச் சாம்பிராணி, வீட்டுச் சாமி ரூமில் இருக்கிற அதே வாசனை, எதிரில் இருந்த ஓட்டை வழியாகக் குபுகுபுவென்று மூக்கில் வந்து மோதியது. நல்ல வாசனை என்று இழுத்தாள், எப்போதும் போலப் பெருமையாக இழுத்தாள், எந்த வண்டிக்குள் இப்படி மணக்கும், எல்லாருடைய வண்டிக்குள்ளும் வியர்வையும் கோழி நாற்றமும்தானே. இழுத்த மூச்சு பாதியில் நின்றது. வண்டிக்குள்ளே யார் சாம்பிராணி போட்டார்கள். அவள் பானெட்டைத் திறந்து எஞ்சினுக்கல்லவா காட்டினாள். உள்ளே எப்படி வந்தது. வண்டி இழுத்திருக்கிறது. இந்த ஃபேன் இழுத்தால் எஞ்சின் இழுக்காதா. எஞ்சின் இழுப்பதைத்தான் அவள் கண்ணாலேயே பார்த்திருக்கிறாளே! பார்த்தது மட்டுமா, ஆளைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறாள். கோடங்கிபாளையம் வளைவில் கல் லாரியின் மூஞ்சி கண்ணாடிக்கு ஒரு முழம் தூரத்தில் நின்ற அன்றைக்கு, வீட்டுக்கு வந்து வண்டியைக் கட்டிக்கொண்டு அழுதாள், சென்னியப்பன் பார்க்காதபடிக்கு. அதுவரைக்கும் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வண்டியைச் சுற்றி வந்து புகை காட்டுவதோடு சரி. உயிரைக் காப்பாற்றிக் கொடுத்த வண்டிக்கு வெளியில் நின்று காட்டினால் போதுமா, நெஞ்சுக்குக் காட்ட வேண்டாமா என்று அந்த வெள்ளியிலிருந்து பானெட்டைத் திறந்தாள். எஞ்சினை ஓடவிட்டாள், ஓடினால்தான் அதற்கு உயிர். கொட்டாங்குச்சிக் கரியில் கைநிறையச் சாம்பிராணியை அள்ளிப் போட்டுத் தூபக்காலை உள்ளே நீட்டினால், ரேடியேட்டருக்கு மேலே காற்று இழுக்கிற அந்த வாய் புகையை அப்படியே உறிஞ்சியது. மேலே போகிற புகை வளைந்து உள்ளே போயிற்று. உடம்பு சிலிர்த்துவிட்டது அவளுக்கு. "பாருங்க, குடிக்குது பாருங்க! எம்பட வண்டி சாம்பிராணி குடிக்குது!" என்று சென்னியப்பனைக் கூப்பிட்டுக் காட்டினாள். சாமி ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம் எடுத்துக்கொண்டாள். அப்புறம் ஒவ்வொரு வெள்ளியும் புகை தீரும்வரைக்கும் அந்த வாயிலேயே தூபக்காலைப் பிடித்தாள். ஒவ்வொரு வெள்ளியும். சனிக்கிழமை. அட பாவி. சாமி படத்துக் கண்ணாடி! மாதத்துக்கு ஒருமுறை வெந்நீரில் துணியை முக்கித் தேய்த்துத் தேய்த்து எடுப்பாளே, முருகன் முகம் மங்கிப்போகிற அளவுக்குப் படிந்திருக்குமே, விரலில் ஒட்டுமே, அந்தப் பழுப்பு.

இருக்காது என்று வாய்விட்டுச் சொன்னாள். சாம்பிராணி அப்படிச் செய்யுமா. ஃபில்டர் இருக்கிறதே நடுவில், ஃபில்டர் தூசியைத் தடுக்கும், ஆனால் புகையை? கொசுவலைக்குள் புகை போகாதா என்ன. இருக்காது, நாச்சிமுத்துதான், கால் மணி நேரம் போன் பேசினேனே, கால் மணி நேரத்தில் என்ன வேண்டுமானாலும். முன்னால் டிரைலர் நின்றுவிட்டது. திருப்பத்தில் கரண்டுக் கம்பி தாழ்வாக இருந்தது, இரண்டு பேர் நீளக் கம்பை வைத்து அதைத் தூக்கிப் பிடிக்க, இறக்கை அங்குலம் அங்குலமாக அடியில் நுழைய ஆரம்பித்தது. பத்து நிமிஷமாவது ஆகும். வேண்டாம், இறங்காதே, இறங்கினால் தெரிந்துவிடும் என்று ஒரு மனசு சொன்னது. அதைக் கேட்டதும் அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. எதற்குப் பயப்படுகிறேன், மயிலாத்தா எதற்கடி பயப்படுகிறாய் என்று எஞ்சினை அணைத்துவிட்டு ஸ்க்ரூடிரைவரோடு குதித்தாள். பானெட். இரண்டு ஸ்க்ரூ, ஒரு கிளிப். கழற்றத் தெரியும், நன்றாகவே தெரியும், கையில் வந்துவிட்டது. உள்ளே இருக்கிற மெல்லிய கம்பியைத் தொடக் கூடாது என்பதும் தெரியும். சுற்றி இருந்த கூட்டை முந்தானை நுனியால் அழுத்தித் தேய்த்தாள். பழுப்பு துணிக்கு வந்தது. அடியில் பளபளவென்று, கோயமுத்தூரில் பார்த்த அதே பளபளப்பு, கடைக்காரன் பெட்டியைப் பிரிக்கும்போது நகத்தால் கீறிவிட்டான் என்று அவள் சண்டைக்குப் போன அந்தக் கீறல்கூட ஓரத்தில் அப்படியே இருந்தது. முந்தானையை மூக்கில் வைத்தாள். சாமி ரூம் வாசனை. அந்த வெயிலில், ஹாரன் சத்தத்துக்கு நடுவில், முந்தானையை மூக்கிலிருந்து எடுக்காமல் அப்படியே நின்றாள். அவமானமாக இருந்தது. அதைவிட வெட்கக்கேடு, அவமானத்துக்கு அடியிலேயே ஒரு சந்தோஷமும் இருந்தது. கண்டுபிடித்துவிட்டாள். ஸ்கேனர் சொல்லாததை, இரண்டு மாதமாக எவனும் சொல்லாததை, ரோட்டில் நின்று மூக்காலேயே கண்டுபிடித்துவிட்டாள்.

சென்சாரைத் திரும்ப மாட்டி வண்டியை நகர்த்தியபோது மணி பத்தே முக்கால். இனி எப்படிப் பேசுவது. பேசாமலே இருந்தால்? சென்சாரை நன்றாகத் துடைத்து மாட்டிவிட்டால் விளக்கு போய்விடும், பானெட்டைத் திறந்து புகை போடுவதை நிறுத்திவிட்டால் திரும்பி வராது. யாருக்கும் தெரியாது. சென்னியப்பனுக்குக்கூட. ஆறுச்சாமி கேட்கும்போது, போகட்டுங்க அண்ணா, ஏதோ புத்தி கெட்டுப் பண்ணிப்போட்டான், பொழைச்சுப் போகட்டும், நான் மன்னிச்சுட்டேன் என்று சொல்லலாம். எவ்வளவு அழகாக இருக்கும். மயிலாத்தாவுக்குப் பெரிய மனசு என்பார்கள். ஸ்டேண்டு வண்டிகளும் அவனிடமே போகும், அவன் பிழைப்பும் கெடாது, அவளுக்கும் மரியாதை கூடும். இதில் யாருக்கு என்ன நஷ்டம். இந்த யோசனை இனிப்பாக இருந்தது, அரைக் கிலோமீட்டர் தூரம் அதைச் சப்பிக்கொண்டே வந்தாள். அப்புறம்தான் தொண்டையில் சிக்கியது. மன்னித்தேன் என்றால் அவன் திருடினான் என்றுதானே ஆகும். அவன் ஆயுசுக்கும் மன்னிக்கப்பட்ட திருடனாக நிற்பான், ஒவ்வொரு வண்டிக்காரனும் அவன் வேலை பார்க்கும்போது அவன் கையையே பார்த்துக்கொண்டு நிற்பான், அவன் துடைத்த கையையே துடைத்துக்கொண்டிருப்பான். இதற்கு அவன் பட்டறையை மூடுவதே மேல். அவள் நினைத்துப் பார்த்தாள், அந்தப் பெரிய மனசோடு அவள் எப்படி ஸ்டேண்டுக்குள் வண்டியை ஓட்டிக்கொண்டு போவாள். எல்லோரும் வணக்கம் வைப்பார்கள். வைக்கிற வணக்கம் ஒவ்வொன்றும் திருட்டுச் சாமானாக இருக்கும். மயிலாத்தாவுக்கு இனாம் மரியாதை வேண்டாம். பதினோரு வருஷமாக ஒரு மூட்டையைக்கூடத் தெரியாமல் ஏற்றியதில்லை, இதை ஏற்றுவாளா. தப்பு என்றால் அதுவும் தன் தப்புதான், தன் வண்டியில் தன் கையால் செய்தது, அதை இன்னொருத்தன் பேரில் எழுத விடுவதற்கு அவள் என்ன இளைத்தவளா. இப்படி நினைத்ததும் முதுகு தானாக நிமிர்ந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது வேறு விஷயம், புழுதி.

ஸ்டேண்டில் நாற்காலி போட்டாயிற்று. முப்பது பேருக்குமேல் நின்றிருந்தார்கள். நாச்சிமுத்து வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, கல்யாணத்துக்கு வந்தவன் மாதிரி தலையைப் படிய வாரிக்கொண்டு, மின்கம்பத்தை ஒட்டி நின்றான். ஆறுச்சாமி, "வா மயிலாத்தா, மொதல்ல உம்பட வண்டி லைட்டப் பாக்கலாம்" என்று எழுந்தார்.

"ஒண்ணும் பாக்க வேண்டாமுங்கண்ணா" என்றாள். குரல் அவள் நினைத்ததைவிட மெலிசாக வந்தது. பானெட்டைத் திறந்து சென்சாரைக் கழற்றி நீட்டினாள். "நாச்சிமுத்து எதையும் மாத்தலீங்க. நான் வாங்கிக் குடுத்ததேதான் இது. கெடுத்தது நான். வெள்ளிக்கெழமையானா பானெட்டத் தொறந்து எஞ்சினுக்குச் சாம்பிராணி போட்டேன். அந்தப் பொகையக் குடிச்சு குடிச்சு இதுல பிசினாட்டம் படிஞ்சு போச்சு. வேணும்னா ஆளாளுக்கு மோந்து பாருங்க."

ஆறுச்சாமி வாங்கி நிஜமாகவே மோந்து பார்த்தார். அப்புறம் ஒருத்தன், "வண்டிக்குச் சாமி வந்திருச்சுங்கோ!" என்றான், அவ்வளவுதான், ஸ்டேண்டே குலுங்கிச் சிரித்தது. ரைஸ்மில் சந்தில் பீடியைக் கீழே போட்டவன்கூட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மயிலாத்தாவுக்குக் காதெல்லாம் சுட்டது. சிரிக்கட்டும், இது தனக்கு வரவேண்டியதுதான், முழுசாக வாங்கிக்கொண்டே ஆகவேண்டும் என்று அசையாமல் நின்றாள். "நல்லாச் சிரிங்க. ரெண்டு மாசமா ஸ்கேனருக்கும் தெரியலை, உங்க முப்பது பேத்துக்கும் தெரியலை. கெடுத்தவளும் நான்தான், கண்டுபிடிச்சவளும் நான்தான்" என்றாள், அதைச் சொல்லாமல் இருக்க அவளால் முடியவில்லை. சிரிப்பு இன்னும் பெரிதாயிற்று.

நாச்சிமுத்து மட்டும் சிரிக்கவில்லை. அவள் அவன் முன்னால் போய் நின்றாள். பதினோரு வருஷத்தில் யாரிடமும் சொல்லிப் பழக்கமில்லாத வார்த்தை, முனகலாகத்தான் வந்தது.

"தம்பி, உன்னையத் திருடன்னு சொன்னது எம்பட தப்பு. மனசுல வெச்சுக்காதே."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். கையைத் துடைக்கவில்லை, இரண்டு கையும் பக்கத்தில் தொங்கிக்கொண்டு சும்மா இருந்தன. மெதுவாக, மரியாதையாகவே சொன்னான்.

"அக்கா, போன சனிக்கெழமை நீங்க திருடன்னு சொன்னது அங்க டீக்கடை வரைக்கும் கேட்டுச்சுங்க. இப்பச் சொன்னது எனக்கு மட்டுந்தானுங்க கேட்டுது."

சிரிப்பு நின்றுவிட்டது. ஆறுச்சாமி, "டேய் நாச்சிமுத்து, அதான் சொல்லீட்டாளல்லோ" என்று ஆரம்பித்தார். மயிலாத்தா கையைக் காட்டி அவரை நிறுத்தினாள். அவன் கேட்டது சரிதான், அவளாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பாள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடையில் ஏழெட்டுப் பேர் டம்ளரோடு நின்றிருந்தார்கள். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, அவர்கள் பக்கம் திரும்பி, முதலிலிருந்து சொன்னாள்.